மனைவியின் ஊரில் மாதக்கணக்கில் தங்க எந்த விசா?

மாமிக்கு முழங்கால் மாற்று அறுவை. மனைவி கும்பகோணம், வீட்டுக்கு ஒரே பிள்ளை. பிசியோ முடிந்து மாமி தானாக நடக்கும்வரை கூட இருப்பதென்றால் எப்படியும் ஏழெட்டு மாதம் ஆகும். அவளிடம் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு, அவளுக்குப் பிரச்சினை இல்லை. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்த பிரிட்டிஷ் குடிமகன்.

லண்டனில் கேட்டவர்களில் பாதிப்பேர் சொன்னது, “இ-விசாவைப் போட்டுட்டுப் போங்கோ அண்ணை.” கலியாணம், கோயில் என்று மூன்று வாரம் போக அதைவிடச் சுகமான வழி இல்லை. ஆனால் ஐந்து வருட இ-சுற்றுலா விசா எடுத்தாலும் பிரிட்டிஷ்காரர் ஒரே தடவையில் 180 நாளுக்கு மேல் இருக்க முடியாது. உள்ளே போனபின் நீடிக்கவும் மாட்டார்கள். மாமியின் கால் ஆறுகிற வேகத்தை நம்பி அந்தக் கணக்கில் இறங்க எனக்கு மனமில்லை.

அடுத்தது ஓசிஐ, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கும் இந்தியரை மணந்தவர்களுக்கும் இந்தியா கொடுக்கும் அட்டை. இலங்கையில் பிறந்தவர்களுக்குக் கிடைக்காது என்று நம்மவர்களிடம் ஒரு பயம் உண்டு. பரம்பரையைக் காரணம் காட்டி மறுப்பது பாகிஸ்தான், வங்கதேசக் குடியுரிமை வழி வந்தவர்களுக்குத்தான். ஆனால் இந்தியரின் கணவன் அல்லது மனைவி என்ற முறையில் கேட்க, திருமணம் பதிவாகி இரண்டு வருடம் முடிந்திருக்கவேண்டும். எங்களுக்கு முடியவில்லை.

ஆகவே எக்ஸ் விசா எனப்படும் நுழைவு விசா. இந்தியரை மணந்தவர்களுக்கு இதில் இடம் உண்டு. வேலை செய்ய முடியாது, தங்கலாம். படிவத்தில் பெற்றோர் பிறந்த இடம், பழைய குடியுரிமை எல்லாம் கேட்பார்கள். எதையும் விடாமல் உள்ளபடி எழுதுங்கள். எங்களுக்குக் கைகொடுத்தது ஒன்று: மனைவி கடவுச்சீட்டைப் புதுப்பித்தபோதே கணவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரைச் சேர்த்துவிட்டாள். இனிஷியலும் முழுப்பெயரும் குழம்பும் நம் பெயர்களுக்கு அது பெரிய உதவி.

கும்பகோணம் போனதும் அடுத்த வேலை பதிவு. 180 நாளுக்கு மேல் தங்குவதானால் வந்து 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓ எனப்படும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதியவேண்டும். முன்புபோல் அலுவலகத்துக்கு நேரில் ஓடத் தேவையில்லை. 2018 முதல் இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்திலேயே போடலாம். நாங்கள் சிக்கிய இடம் முகவரிச் சான்று. ஈபி இணைப்பு இன்னும் காலமான மாமாவின் பெயரில். அந்த பில்லை ஏற்றினால் “வீட்டுக்காரர் யார்?” என்று கேள்வி வந்தது. மாமி வாக்கரோடு மெதுவாக வந்து பீரோவைத் திறந்து, மஞ்சள் பையிலிருந்து தன் பெயரில் இருந்த வீட்டுவரி ரசீதை எடுத்துத் தந்தார். அதோடு அவருடைய ஆதார், நான் அங்கே தங்குகிறேன் என்று அவர் கையெழுத்திட்ட கடிதம். சரி, அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் வரவில்லை. பதிவுச் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்துவிட்டது.

இடையில் ஓர் ஏஜெண்ட், “ஆபீசில் ஆள் இருக்கு, முடிச்சுத் தர்றேன்” என்று பெரிய தொகை கேட்டார். கொடுக்காதீர்கள். படிவம் நிரப்பத் தெரிந்த ஒரு தம்பி தங்கை பக்கத்தில் இருந்தால் போதும். இன்னொன்று, வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அதைத் தெரிவிக்கும் படிவத்தை (முன்பு சி படிவம் என்பார்கள்) பதியவேண்டும். ஹோட்டலுக்கு மட்டுமல்ல, சொந்தக்காரர் வீட்டுக்கும் அது உண்டு. ஊரில் பலருக்கு இது தெரியாது, நீங்களே எடுத்துச் சொல்லிச் செய்துகொடுங்கள்.

ஓசிஐக்கும் இப்போதே ஆயத்தம் செய்கிறோம். எங்கள் பதிவு லண்டனில் நடந்தது, அதனால் திருமணச் சான்றிதழுக்கு பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகத்தில் அப்போஸ்டில் என்ற சான்றொப்பம் வாங்கவேண்டும். ஓசிஐ வந்தால் எஃப்ஆர்ஆர்ஓ பதிவு தேவையில்லை, எவ்வளவு காலமும் தங்கலாம். ஆனால் விவசாய நிலம், தோட்டம், பண்ணைவீடு வாங்க முடியாது. மணவழியில் பெற்றவர்கள் புதுக் கடவுச்சீட்டு எடுக்கும்போதெல்லாம் அதன் நகலையும், திருமணம் தொடர்கிறது என்ற உறுதிமொழியையும் தளத்தில் ஏற்றவேண்டும்.