தவளைத் தொட்டி செட்: கண்ணாடிக்கு நாலு ஸ்டார், அருவிக்கு ஒன்றுதான்

கண்ணாடித் தொட்டி, பாறை மாதிரி செய்த பின்சுவர், அதிலிருந்து விழும் குட்டி அருவி, பம்ப், வலை மூடி எல்லாம் ஒரே பெட்டியில் வரும் செட் இது. அளவு 45 × 45 × 60 செ.மீ. ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளைகளுக்காக வாங்கினேன். தொட்டிக்காக வாங்குவதென்றால் தாராளமாக வாங்கலாம், அருவிக்காக என்றால் வேண்டாம். ஆனால் விளம்பரப் படத்தில் ஆளை இழுப்பதே அந்த அருவிதான்!

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கதவு முன்பக்கம் திறக்கிறது, மேலிருந்து கையை விட்டுத் தவளையை மிரள வைக்க வேண்டியதில்லை. மரத்தவளை ஏறி உட்கார உயரம் தாராளம். மேல்மூடி வலையாக இருப்பதும் சரிதான், கண்ணாடி மூடி போட்டால் யூவிபி (புற ஊதா) விளக்கின் கதிர் உள்ளே வராது. கதவுக்குக் கீழே கண்ணாடி நல்ல உயரம் விட்டிருப்பதால் அடியில் களிமண் உருண்டை, அதன்மேல் வலை, அதற்கும் மேல் தென்னை நார்த்தூள் என்று வடிகாலோடு செடி வைக்க வசதியாக இருக்கிறது.

இனி அருவி. பம்ப் பாறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பார்க்க அழகுதான், ஆனால் அதன் வாயில் நார்த்தூள் அடைத்துக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் பாறையைத் தூக்க வேண்டும், தூக்கினால் ஓரத்தில் வேர் பிடித்த செடியும் கூடவே வரும். தண்ணீரை உறிஞ்சும் இடத்தில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் கூட வைக்கவில்லை. இரைக்குப் போடும் கிரிக்கெட் பூச்சிகள் அந்த இடுக்கில் புகுந்து செத்து நாறுவது தனிக் கதை. ஒயர் போகும் ஓட்டை வழியாக வெளியேயும் வந்துவிடும், அதை நாமேதான் அடைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர்தான். மரத்தவளை ராத்திரி தண்ணீரில் போய் உட்காரும், அங்கேயே கழிக்கும். கிண்ணமாக இருந்தால் காலையில் கொட்டிவிட்டு வேறு ஊற்றலாம், இங்கே அதே கொஞ்சம் தண்ணீர்தான் பாறையில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. தெளிவாகத்தான் தெரியும், கழிவிலிருந்து வரும் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாதே. தவளை தோல் வழியாகவே தண்ணீரை உறிஞ்சுவதால் இதை அலட்சியம் செய்ய முடியாது. குழாய்த் தண்ணீரானால் குளோரின் நீக்கும் மருந்து போட்டே ஊற்றுங்கள், குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்த தண்ணீரை ஒரு ராத்திரி திறந்து வைத்தால் மட்டும் சரியாகாது.

அப்புறம் தெறிப்பு. விழும் தண்ணீர் பாறை விளிம்பிலிருந்து மண்ணுக்குள் கசிந்து, ஓரமெல்லாம் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. மணி பிளான்ட் தாக்குப்பிடித்தது, ஃபெர்ன் வேர் அழுகிப் போனது. மண் பாறையைத் தொடாதபடி ஒரு பிளாஸ்டிக் பட்டையைச் செருகிய பிறகுதான் கசிவு நின்றது.

பெட்டியில் 'எல்லாத் தவளைகளுக்கும் ஏற்றது' என்று போட்டிருக்கிறார்கள். அது எப்படி? நெருப்பு வயிற்றுத் தேரைக்கு நீந்தக் குளம் பிடிக்கும், எனக்கு வாய்த்ததோ நீச்சலில் மந்தமான ஜாதி. அருவித் தண்ணீர் விழும் குளத்தில் ஏறி வரச் சரிவே இல்லை, அதனால் அதில் தவளை விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய கற்களாகப் பார்த்து அடுக்கி ஆழத்தைக் குறைத்தேன்.

கூடவே வரும் முள் வைத்த ஈரப்பதமானியை நம்பாதீர்கள், டிஜிட்டல் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். செடி வேர் பிடித்து கழிவையும் பூஞ்சையையும் தின்னும் ஸ்ப்ரிங்டெயில் என்ற குட்டி உயிரி பெருகச் சில வாரம் விட்டு, அப்புறம் தவளையை விடுங்கள்.

இப்போது பம்பைக் கழற்றி வைத்துவிட்டு, குளம் இருந்த இடத்தில் ஒரு அகலக் கிண்ணம் வைத்திருக்கிறேன். தினமும் தண்ணீர் மாற்ற ரெண்டு நிமிஷம். இதே தொட்டி அருவி இல்லாமல் தனியாகக் கிடைத்தால் அதையே எடுங்கள்.