12 நிமிஷ வண்டியை 35 நிமிஷம் ஓடவைத்த கதை

இரண்டரை வருஷமாக ஒரு ஆர்.சி. வண்டி, அதாவது ரிமோட்டில் ஓடுகிற குட்டி வண்டி, வைத்திருக்கிறேன். கடையில் பொம்மையாக விற்கிற ரகம் இல்லை. பத்தில் ஒரு பங்கு அளவு, ஷார்ட் கோர்ஸ் டிரக் என்பார்கள். பின் சக்கர ஓட்டம், கரி பிரஷ் வைத்த 550 மோட்டார், கூடவே ஏழு செல் நிக்கல் பேட்டரி, 8.4 வோல்ட், கொள்ளளவு 3000 எம்.ஏ.எச்., அதாவது மில்லி ஆம்பியர்-மணி. கம்பெனி பெயர் வேண்டாம். இந்த ரக வண்டி எதுவானாலும் கதை ஒன்றுதான்.

இருப்பது பெங்களூரு ஹொரமாவு பக்கம். எங்கள் லேஅவுட் மூலையில் முப்பதுக்கு நாற்பது அடி மனை நான்கு, இங்கே சைட் என்பார்கள், வீடு கட்டாமல் சேர்ந்தாற்போல் கிடந்தன. அதுதான் எங்கள் மைதானம். முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் போய் ஓட்டினோம். நான் கொஞ்சம், அவள் கொஞ்சம், திரும்ப நான். மூன்றாவது முறை அவள் கைக்கு ரிமோட் போனதும் வண்டி நொண்டியது. மணி பார்த்தேன், 12 நிமிஷம். சார்ஜ் ஏற்ற, கூட வந்த சின்ன சார்ஜரில் பல மணி நேரம். "இவ்ளோதானாப்பா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நாள் ஆனது.

எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். பெரிய பேட்டரி வாங்கினேன். 2எஸ் லிப்போ, அதாவது இரண்டு செல் லித்தியம் பாலிமர், 7.4 வோல்ட், 5000 எம்.ஏ.எச். மேலே 50சி என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. கொள்ளளவைப் போல் ஐம்பது மடங்கு, கணக்குப்படி 250 ஆம்பியர் தருமாம். அவ்வளவு ஆம்பியர் ஓடினால் அதில் இருக்கிற ஒயரே தாங்காது. இந்த சி கணக்கை நான் ஆடித் தள்ளுபடி போர்டைப் பார்க்கிற மாதிரிதான் பார்க்கிறேன்.

3000-க்கு 12 என்றால் 5000-க்கு 20 வர வேண்டும். வந்தது 19. கணக்குச் சரியாகத்தான் இருந்தது, எனக்குத்தான் திருப்தி இல்லை. சில ஆயிரம் செலவழித்து ஏழு நிமிஷம்!

அப்போதுதான் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். எழுதியது இரண்டே எண்கள்: எத்தனை நிமிஷம் ஓடியது, ஓடி முடித்தபின் சார்ஜர் எத்தனை எம்.ஏ.எச். திரும்ப ஏற்றியது. இரண்டும் தெரிந்தால் வண்டி சராசரியாக எத்தனை ஆம்பியர் குடித்தது என்று வந்துவிடும். 19 நிமிஷ ஓட்டத்துக்குச் சார்ஜர் ஏற்றியது 4100. அதாவது 4.1 ஆம்பியர்-மணியை 19 நிமிஷத்தால் வகுத்து அறுபதால் பெருக்கினால் கிட்டத்தட்ட 13 ஆம்பியர். நிக்கலில் அது 15. இந்த எண்ணைக் குறைக்காமல் பேட்டரியை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போவது, ஓட்டைக் குடத்துக்குப் பதில் ஓட்டை அண்டா வாங்குவது மாதிரி.

லிப்போ வாங்குகிறவர்களுக்கு ஒன்று. வண்டியின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில், அதுதான் ஈ.எஸ்.சி.யில், லிப்போவுக்கான குறைந்த வோல்ட் நிறுத்தம் இருக்கும். அதைப் போட வேண்டும். நான் நிக்கல் அமைப்பிலேயே விட்டுவிட்டு முதல் வாரம் ஓட்டினேன். வண்டி மெதுவாகிறதே என்று மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒரு செல் 2.9 வோல்ட். மூன்றுக்குக் கீழே போகவே கூடாது. நான் இப்போது 3.5 பக்கம் வந்ததும் நிறுத்திவிடுகிறேன். பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் ஒரு குட்டி பஸ்ஸர் கிடைக்கிறது, பேட்டரியின் வெள்ளைப் பிளக்கில் செருகிவிட்டால் நீங்கள் சொன்ன வோல்ட்டில் கத்தும். கத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அவ்வளவு சின்ன காசுக்கு அவ்வளவு பெரிய உபகாரம் வேறில்லை.

அடுத்த தவறு தீபாவளிக்கு. சனிக்கிழமை ஓட்டலாம் என்று முழு சார்ஜில் வைத்தேன், சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பிவிட்டோம். திருப்பத்தூரில் மூன்று வாரம் தங்கும்படி ஆகிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் பேட்டரி எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. லிப்போவை முழு வயிறோடும் விடக்கூடாது, காலி வயிறோடும் விடக்கூடாது. செல்லுக்கு 3.8 வோல்ட், அதாவது பாதி சார்ஜ் அளவில் வைக்க வேண்டும். சார்ஜரில் ஸ்டோரேஜ் என்று அதற்கென்றே ஒரு பட்டன் இருந்தது, நான்தான் தொட்டதே இல்லை. உப்பியதை இனி சார்ஜ் போடக் கூடாது, குத்தக் கூடாது, குப்பையில் போடக் கூடாது. மனைவியின் மீன் குழம்புச் சட்டியைக் கேட்காமல் எடுத்து, மணல் போட்டு, அதில் வைத்து, பால்கனியில் விட்டு, பிறகு ஈ-வேஸ்ட் எடுப்பவர்களிடம் கொடுத்தேன். சட்டி திரும்ப அடுப்படிக்குப் போகவில்லை. இப்போது சார்ஜ் போடுவதே அந்தச் சட்டியில்தான், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

புது பேட்டரி, அதே 5000. இப்போது ஓட்டையைத் தேடும் வேலை.

இதில் வழி காட்டியது என் மாமனார். கோலார் தங்கவயலில் ஃபிட்டர். 2001-ல் சுரங்கத்தை மூடியபின் பெங்களூருக்கு வந்தவர். ஆர்.சி. வண்டி என்றால் சிரிப்பார், ஆனால் சுற்றுகிற எதையும் சும்மா விடமாட்டார். ஒரு நாள் வண்டியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு முன் சக்கரத்தைச் சுண்டினார்.

"மாப்ளே, இந்தப் பக்கம் சுத்துது பாருங்க. அந்தப் பக்கம் சுத்தி விடுங்க."

சுண்டினேன். இரண்டு சுற்றுக்கூட முழுசாகப் போகாமல் நின்றது.

"மோட்டாரு இழுக்குறது வண்டிய இல்ல, இந்த மண்ண. பேரிங்க கழட்டுங்க."

கழற்றினால் உள்ளே ஹொரமாவு செம்மண் மாவாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத தூசி, பனியில் நனைந்து, காய்ந்து, திரும்ப நனைந்து, பேரிங் ஒவ்வொன்றும் செங்கல் சூளை. மண்ணெண்ணெய் கிடைக்காத காலம், அதனால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் ஊறவைத்துக் கழுவினோம். எண்ணெய் விடும்போது நான் சமர்த்தாகக் கைக்கு எட்டிய தேங்காய் எண்ணெயை விட்டேன். அன்று மத்தியானம் வண்டி பறந்தது. ஜனவரி மாதம் காலை ஆறரைக்கு எடுத்துப் போனால் சக்கரமே அசைய மறுக்கிறது! தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். பெங்களூரு ஜனவரிக் காலை பதினைந்து, பதினாறு. தலைக்குத் தேய்க்கும் டப்பாவில் தினமும் பார்க்கிற காட்சி, பேரிங்கில் பார்க்கும் வரை புத்திக்கு எட்டவில்லை. மாமனார் ஒன்றும் சொல்லவில்லை, தையல் மெஷின் எண்ணெய் டப்பாவை மட்டும் என் பக்கம் நகர்த்தினார். அதுதான் சரி. ஒரு சொட்டு போதும். கிரீஸ் நிறைய அடைத்தால் அதுவே பிரேக்.

பின் பக்கத்தைச் சோதிக்க மோட்டார் திருகைத் தளர்த்தி, மோட்டார் அச்சில் இருக்கும் சின்ன கியரான பினியனை, அது சுற்றுகிற பெரிய ஸ்பர் கியரிலிருந்து விலக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் மோட்டாருக்குள் இருக்கும் காந்தத்தின் இழுப்புதான் கையில் தெரியும், பேரிங்கின் லட்சணம் தெரியாது. விலக்கியபோதுதான் அடுத்த ஓட்டை கண்ணில் பட்டது. பினியனும் ஸ்பரும் பல்லோடு பல் கடித்து நின்றன. நோட்டுத் தாளில் மெல்லிய துண்டு கிழித்து இரண்டு கியருக்கும் நடுவில் விட்டு, மோட்டாரை நெருக்கி, திருகை இறுக்கி, தாளை உருவிவிடுங்கள். அந்தத் தாள் கனம்தான் வேண்டிய இடைவெளி. கியர் பாடுகிற சத்தம் மாறுவது காதுக்கே தெரியும்.

ஸ்லிப்பர் கிளட்ச், அதாவது அதிர்ச்சி வந்தால் வழுக்கிக்கொடுத்து கியரைக் காக்கும் கிளட்ச், இதற்கு நேர் எதிர். அது ரொம்பத் தளர்ந்திருந்தது. தளர்ந்த கிளட்ச் வழுக்கி வழுக்கி மின்சாரத்தை வெப்பமாக மாற்றிவிடும், சக்கரத்துக்கு வந்து சேராது. முழுக்க இறுக்கி அரைச் சுற்று தளர்த்தினேன்.

காசு என்று பார்த்தால் எண்ணெய் செலவு மட்டும். நோட்டில் எழுதியது: 23 நிமிஷம், அதே 4100. சராசரி 10.7 ஆம்பியர். பேட்டரி மாற்றி ஏழு நிமிஷம் வாங்கியவன், கழுவித் துடைத்தே நான்கு நிமிஷம் வாங்கினேன்.

பிறகு பினியன். வண்டியோடு வந்தது 19 பல். நான் 16 போட்டேன். உச்ச வேகம் ஆறில் ஒரு பங்கு போச்சு. போகட்டும், நான்கு சைட் அகலத்தில் உச்ச வேகத்தைத் தொடுவதற்குள் காம்பவுண்டுச் சுவர் வந்துவிடுகிறது. மோட்டார் திணறாமல் சுலபமாகச் சுற்றுவதால் குடிப்பது குறைவு, சூடும் குறைவு. முன்பு ஓடி முடித்ததும் மோட்டாரின் மேல் விரல் வைக்க முடியாது. இப்போது வைத்து மெதுவாகப் பத்து எண்ணலாம். 28 நிமிஷம் வந்தது. இத்தனைக்கும் பினியன் சில நூறு ரூபாய்தான். யாராவது ஒரே ஒரு விஷயம் செய் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். வேக வெறியர்கள் தலைகீழாகச் செய்வார்கள், பல் கூட்டிப் போடுவார்கள். மோட்டார் வெந்து போகும்.

கனெக்டரும் பார்க்க வேண்டும். நான் ஒரு ரகத்திலிருந்து இன்னொரு ரகத்துக்கு மாற்றும் அடாப்டர் போட்டிருந்தேன், ஓட்டி முடித்தால் வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வெதுவெதுப்பு எல்லாம் பேட்டரியின் காசு. ஒரு இணைப்பில் வெறும் பத்து மில்லி ஓம் தடை இருந்தாலும் 20 ஆம்பியர் ஓடும்போது 4 வாட் அங்கேயே எரிகிறது. எஸ்.பி. ரோட்டில் எக்ஸ்.டி.60 கனெக்டர் ஜோடி, சிலிகான் ஒயர் வாங்கி நேராகச் சால்டர் செய்தேன். நிமிஷம் கூடியதா என்றால் நோட்டில் தனியாகத் தெரியவில்லை. ஆனால் கடைசி ஐந்து நிமிஷத்தில் அழுத்தி எடுக்கும்போது வோல்ட் சட்டென்று விழுந்து வண்டி பொய்யாக நின்றுவிடும் வழக்கம் போய்விட்டது.

பாடியில் ஓட்டை போடும் வேலையும் செய்தேன். இந்த ரக டிரக்கின் பாடி குடை மாதிரி அடியில் காற்றைப் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் வட்டமாக வெட்டிவிட்டால் காற்று வெளியேறும் என்பார்கள். உண்மைதான், ஆனால் காற்றின் தடை வேகத்தின் வர்க்கக் கணக்கில் ஏறுவது. எங்கள் சைட்டில் போகிற வேகத்துக்கு அரை நிமிஷம்கூடக் கூடவில்லை. பாடி அசிங்கமானதுதான் மிச்சம். மகள் இரண்டு நாள் பேசவில்லை, அந்த பாடிக்குப் பெயின்ட் அடித்தது அவள்.

பிரஷ் இல்லாத மோட்டார் ஏன் போடவில்லை என்று ஆபீஸில் கேட்கிறார்கள். அதில் பிரஷ் உராய்வு இல்லை, விரயம் குறைவு, மறுக்கவில்லை. கேட்ட நண்பரே போட்டிருக்கிறார். அவர் வண்டி 20 நிமிஷம் ஓடுகிறது, ஏனென்றால் போட்ட அன்றிலிருந்து அவர் விரல் டிரிகரை விட்டு வரவில்லை.

விரல் என்றதும் சொல்லியே ஆக வேண்டியது. தலைப்பில் இருக்கிற 35 என்னுடையது இல்லை. அதே வண்டி, அதே பேட்டரி, புல் இல்லாத அதே தரையில் நான் ஓட்டினால் 29, மகள் ஓட்டினால் 35. முதலில் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டேன். பிறகு நின்று கவனித்தேன். நான் நிறுத்துவேன், முழு டிரிகர் அடிப்பேன், பிரேக் போடுவேன், திரும்ப அடிப்பேன். சுற்றும்போது மோட்டாரே உண்டாக்கி மின்சாரத்தைத் தடுக்கும் எதிர் மின்னழுத்தம், நின்றிருக்கிற மோட்டாருக்குக் கிடையாது, எனவே கிளம்பும் நொடியில்தான் அது பேய்க்குடி குடிக்கும். ஓட ஆரம்பித்தபின் தானே அடங்கிவிடும். அவளோ நான்கு செருப்பை மூலைக்கு ஒன்றாக வைத்து, அதைச் சுற்றி வண்டியை நிற்கவிடாமல் எட்டுப் போடுகிறாள். வளைவுக்கு முன்னாலேயே விரலை விட்டுவிடுகிறாள். வண்டி தன் ஓட்டத்திலேயே திரும்புகிறது. யாரும் சொல்லித் தரவில்லை.

"நீ ஓட்டறது சில்க் போர்டு சிக்னல் மாதிரி இருக்குப்பா" என்றாள். பெங்களூரில் நெரிசலுக்குப் பெயர்போன இடம் அது.

தரையும் முக்கியம். மழைக்குப் பிறகு சைட்டில் முழங்கால் புல் ஏறிவிடும். அதற்குள் விட்டால் 35 இருந்தது 18 ஆகிவிடுகிறது. அச்சில் சுற்றிக்கொண்ட புல்லைப் பிளேடு வைத்து அறுத்தெடுக்க அரை மணி நேரம் தனி. அந்த மாதங்களில் நாங்கள் ஆறாவது கிராஸ் சிமெண்ட் ரோட்டுக்குப் போய்விடுவோம், ஞாயிறு காலை பால் வண்டி போனபின்.

போன மாதம் நோட்டில் மகளின் எண் 31-க்கு இறங்கியது. பேரிங் கழுவிப் பார்த்தேன், பேட்டரி நன்றாக இருக்கிறது. மோட்டாரின் கரி பிரஷ் தேய்ந்துவிட்டது, இந்த ரகத்தில் பிரஷ்ஷை மட்டும் மாற்ற முடியாது. புது மோட்டார் வந்து அலமாரியில் இருக்கிறது. சனிக்கிழமை மாற்றிவிட்டு ஞாயிறு 35 வருகிறதா என்று பார்க்க வேண்டும். வியாழக்கிழமை மூலைச் சைட்டில் வாழைக்கன்று கட்டிப் பூஜை போட்டார்கள். நேற்று ராத்திரி போர்வெல் லாரி வந்து நின்றது, விடிய விடியத் துளை போட்ட வெள்ளைச் சேறு நான்கு சைட்டுக்கும் பரவிக் கிடக்கிறது.