வேரில்லாத ஸ்பைரியா: சீசனில் பூக்கன்று வாங்குவோர் கவனத்துக்கு

சித்திரை சீசனில் நுவரெலியாப் பக்கம் போனால், வெள்ளைப் பூ அப்பிக்கிடக்கும் ஸ்பைரியா என்ற வேலிப் பூஞ்செடியின் பைகள் வரிசையாக நிற்கும். பார்த்ததும் ஆசை வரும். காசைக் கொடுக்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். மண்ணோடு ஒட்டினாற்போலத் தண்டைப் பிடித்து மெதுவாக மேலே தூக்குங்கள். பையும் மண்ணும் சேர்ந்து எழும்பினால் அது கன்று. தண்டு மட்டும் வழுக்கிக்கொண்டு மேலே வந்தால், எங்கேயோ வெட்டிக் கொண்டுவந்து குத்திய கொப்பு.

கடந்த சித்திரையில் ஒரு நாற்றுத் தவறணையிலிருந்து வந்து இறங்கிய 30 பைகளில் இந்தச் சோதனை செய்யப்படவில்லை. 50 அடி வேலிக்கு இரண்டரை அடிக்கு ஒன்றாக 20 வெள்ளை, பாத்திக்கு 10 இளஞ்சிவப்பு. பை 650 ரூபா. நடுகைக் கூலியும் ஒரு வருடப் பராமரிப்புக் காசும் வேறு, எல்லாமே முன்பணம். நாலாம் கிழமை முடிவதற்குள் வெள்ளையில் 13 கருகிவிட்டன. இளஞ்சிவப்பு பத்தும் இன்றுவரை செழிப்பாகத்தான் நிற்கின்றன. அவை ஸ்பைரியா இல்லை, அவ்வளவுதான் குறை.

செத்ததில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தபோது தந்திரம் விளங்கியது. மேலே இரண்டு அங்குலத்துக்குக் கறுப்புக் கூட்டெரு, பார்வைக்கு அதன்மேல் கொஞ்சம் பாசி. கீழே தண்ணீர் ஊற்றி இறுக்கிய செம்மண். புதர் போலத் தெரிவதற்காக ஒரே பைக்குள் மூன்று கொப்புகள் ஒன்றோடொன்று சாய்த்துக் குத்தப்பட்டிருந்தன. மூன்றின் அடியிலும் கத்தியால் சாய்த்து வெட்டிய வாய் அப்படியே இருந்தது. அதன் விளிம்பில் அரிசியளவு வெளிறிய தடிப்பு. வேர் என்று சொல்ல ஒரு நூல்கூட இல்லை.

வேரில்லாமல் மூன்று கிழமை பூத்து நின்றது எப்படி? இந்த வெள்ளை வகை கன்டோனியென்சிஸ் என்ற சீன இனம். அதன் பூமொட்டு, போன வருடம் வளர்ந்த கொப்பிலேயே முன்கூட்டி உருவாகிவிடும். அந்தக் கொப்பை வெட்டிப் போத்தல் தண்ணீரில் வைத்தாலும் பூக்கும், ஈரமண்ணில் குத்தினாலும் பூக்கும். கொப்பில் சேர்ந்திருக்கும் சத்தே அதற்குப் போதும். 6,000 அடி உயரத்தின் குளிரும் பனிமூட்டமும் இலையிலிருந்து நீர் போவதைக் குறைப்பதால், கொழும்பில் இரண்டு நாளில் வாடுவது இங்கே மூன்று கிழமை பச்சையாக நிற்கும். சத்தெல்லாம் பூவுக்கே போய்விடுவதால் பூத்த கொப்பு வேர் பிடிப்பதும் அரிது. பூ உதிர்ந்து இலை சுருளும்போது வாங்கியவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார், பழியும் அவர் தலையிலேயே விழும். தொலைபேசியில் கேட்டதற்கு வந்த பதிலும் அதேதான்: “தண்ணி பத்தலண்ணே, வேற ஒன்னுமில்ல.” வேரில்லாத குச்சிக்குப் பீலித் தண்ணீரையே திருப்பிவிட்டாலும் அது பிழைக்காது.

தூக்கிப் பார்ப்பதோடு பையின் அடித்துளைகளையும் பாருங்கள். வெள்ளை வேர்முனை ஒன்றிரண்டாவது எட்டிப் பார்க்க வேண்டும். மேல்மண்ணை விரலால் விலக்கினால் தண்டுகள் எல்லாம் ஒரே தூரிலிருந்து கிளம்புவது தெரிய வேண்டும். தூரில் கரடுமுரடான கழலை இருந்தால் கன்றை அங்கேயே விட்டுவிடுங்கள். ரோஜாவையும் பிடிக்கிற பக்டீரியா நோய் அது, தோட்ட மண்ணுக்குள் வந்தால் வருடக்கணக்கில் போகாது. பூவே இல்லாமல், ஒன்றரை அடி உயரத்தில், இலை மட்டும் வைத்திருக்கும் கன்றுதான் நல்ல கன்று. அதை யாரும் முன்வரிசையில் வைப்பதில்லை, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இனி அந்த இளஞ்சிவப்பு. வந்தது பென்டாஸ். தள்ளி நின்று பார்த்தால் இரண்டிலும் தட்டையான கொத்து, பொடிப்பொடியாகப் பூ. கிட்டப் போய் இலையைப் பாருங்கள். ஸ்பைரியாவில் ஒரு கணுவுக்கு ஒரே இலை, அடுத்த கணுவில் மறுபக்கம். பென்டாஸில் கணுவுக்கு இரண்டு, எதிரெதிரே. உண்ணிச்செடி, டியூட்சியா, வைபர்னம் எல்லாமே எதிரெதிர் இலைக்காரர்கள்தான். ஆகவே இலை சோடியாக நின்றால் யார் என்ன பெயர் சொன்னாலும் அது ஸ்பைரியா இல்லை. பூவிலும் பார்க்கலாம். ஸ்பைரியா ரோஜாக் குடும்பம்: தனித்தனியாக ஐந்து இதழ், நடுவே நிறையக் கேசரங்கள். ஜப்பானிய இளஞ்சிவப்பு வகையில் கேசரம் இதழைவிட நீளம், அதனால் கொத்து முழுதும் பொசுபொசுவென்று இருக்கும். பென்டாஸ் பூவைப் பிடுங்கினால் நீளக் குழலோடு கையில் வரும். பென்டாஸும் அழகான செடிதான், வண்ணாத்துப்பூச்சி மொய்க்கும். அதன் பெயரில், அதன் விலைக்கு விற்றிருந்தால் யார் சண்டைக்குப் போகிறார்கள்?

வெள்ளை வகைக்கு இன்னொரு அடையாளம்: இலை 3 முதல் 5 சென்டிமீற்றர், மேல்பாதி விளிம்பில் மட்டும் பல், அடிப்பக்கம் நீலம் கலந்த சாம்பல் நிறம். இலையைத் திருப்பிப் பார்க்க ஒரு நொடி போதும். பெயரை நம்பிக் கேட்கவும் வேண்டாம். ஸ்பைரியாவின் ஆங்கிலப் பெயரான ‘பிரைடல் ரீத்’ கேட்டவருக்கு ‘பிரைடல் பூக்கே’ கொடுத்து அனுப்புவதுண்டு. அது அரலியா (பிளுமேரியா) வகை, சூட்டுப் பிரதேசச் செடி, உறைபனி விழும் தை மாதத்தைத் தாங்காது.

‘ஹொலண்டிலிருந்து இறக்கியது’ என்ற கதையும் சொல்லப்பட்டது, தேயிலை மலைச் செம்மண் நிறைந்த பையைக் காட்டியபடியே. அதோடு, அஸ்பிரின் எடுப்பது இந்தச் செடியிலிருந்து, இலையை அவித்துக் குடித்தால் தலையிடி போகும் என்று ஒரு வைத்தியமும். அஸ்பிரினின் பெயரில் ஸ்பைரியா ஒளிந்திருப்பது உண்மை. 1899இல் அந்தப் பெயர் வைத்தபோது மனதில் இருந்தது ஸ்பைரியா உல்மாரியா என்று அப்போது அழைக்கப்பட்ட ஐரோப்பியச் செடி. அதை இப்போது வேறு பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். வேலிச்செடியை அவித்துக் குடிக்காதீர்கள்.

நடுகை இன்னும் மோசம். பிழைக்காத ஒன்றைத் தோண்டியபோது பொலித்தீன் பை கழற்றாமலே புதைக்கப்பட்டிருந்தது, தூரும் ஆறு அங்குலம் மண்ணுக்கடியில். கூலிக்கு ஆள் விட்டால் பக்கத்தில் நின்று பாருங்கள். குழி ஒன்றரை அடி நீள அகல ஆழம். தேயிலை நின்ற மண்ணென்றால் புளிப்பு அதிகம், பி.எச். 4.5, 5 என்று இருக்கும். ஸ்பைரியாவுக்கு 6, 6.5 நல்லது. நடுவதற்கு இரண்டு கிழமை முன்பே குழி மண்ணில் சுமார் 100 கிராம் டொலமைட் சுண்ணாம்புத்தூளைக் கலந்துவிடுங்கள். உரத்தையும் டொலமைட்டையும் ஒரே நாளில் போட்டால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். மூன்றில் ஒரு பங்கு கூட்டெரு சேர்த்து, பையை நெடுக்காகக் கிழித்து எடுத்து, சுற்றிக்கிடக்கும் வேரை விரலால் பிரித்து, பையில் இருந்த மட்டத்திலேயே நட வேண்டும். சரிவில் மேல்பக்கம் ஒரு சிறு கான் வெட்டினால் மழைநீர் தூரில் தேங்காது. தை, மாசியில் நட வேண்டாம்: வறட்சியும் உறைபனியும் சேர்ந்து வரும். பிடித்த பிறகு யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். இளந்தளிர் பெருகினால் பச்சைப் பேன் அப்பிக்கொள்ளும்.

பராமரிப்புக்கு வந்த ஆள் மார்கழியில் கத்தியோடு வந்து, மிஞ்சியிருந்த வெள்ளைக் கன்றுகளைத் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவது போல மட்டமாகச் சீவிவிட்டுப் போனார். இந்தப் பங்குனியில் ஒரு பூ இல்லை. காரணம் கேட்டால் ‘பனி அடிச்சிடுச்சு’. இதைவிடக் கடுங்குளிரில் நின்று பூக்கிற செடி இது. மொட்டுத் தாங்கிய கொப்பை எல்லாம் மார்கழியில் தரையில் வீழ்த்தினால் பங்குனியில் எது பூக்கும்? தேயிலையில் நமக்கு வேண்டியது கொழுந்து, மட்டம் வெட்டினால் கொழுந்து வரும். வெள்ளை ஸ்பைரியாவில் வேண்டியது பழைய கொப்பின் பூ. பூ முடிந்து ஒரு மாதத்துக்குள் வெட்ட வேண்டும், அதுவும் மேலே சீவாமல். சாம்பல் பட்டை பிடித்துத் தடித்த கிழட்டுத் தண்டுகளில் மூன்றில் ஒன்றை அடியோடு எடுத்துவிட்டால் போதும். வில்லாக வளைந்து தொங்கும் இளங்கொப்புகளைத் தொடக்கூடாது. அடுத்த வருடப் பூ அவற்றில்தான். ஜப்பானிய இளஞ்சிவப்பு மட்டும் வேறு கணக்கு: புதுத்தளிர் நுனியில் பூப்பது, ஆகவே தளிர் விடுமுன் வெட்டலாம்.

காசு கொடுக்காமலே கன்று எடுக்க வழி இருக்கிறது. அயலில் யாரிடமாவது வேலி இருந்தால், பூக்காத இளங்கொப்பில் நாலைந்து அங்குலத் துண்டுகளைக் கணுவுக்குக் கீழே வெட்டி, கீழ்ப்பாதி இலையை உருவி, ஆற்றுமணலும் தும்புத்தூளும் சரிபாதி கலந்து நட்டு, பொலித்தீன் மூடி நிழலில் வையுங்கள். ஆறு முதல் எட்டுக் கிழமை பிடிக்கும். அதைவிட நிச்சயம் பதியம்: தாழ்ந்த கொப்பை வளைத்து, மண் தொடும் இடத்தில் பட்டையைச் சற்றுக் கீறி, கவைக்குச்சியால் அழுத்தி மண் மூடினால் மூன்று மாதத்தில் தாய்ச்செடியிலிருந்து வெட்டி எடுக்கலாம்.

வாங்கத்தான் வேண்டுமென்றால் பற்றுச்சீட்டில் ‘ஸ்பைரியா, வேர் பிடித்த கன்று’ என்று எழுதி வாங்குங்கள். வெறும் ‘பூக்கன்று 30’ என்றிருந்தால் எதையும் நிரூபிக்க முடியாது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். வேரில்லாத மோசடி ஐந்தாறு கிழமையில் தெரிந்துவிடும், அதற்கு நாள் போதும். ஆனால் பூக்காத மோசடி தெரிய ஒரு வருடம் செல்லும்.

கருகிய 13க்கும் மாற்றுக் கன்று தருவதாகச் சொல்லி, ஆனியில் 13 பைகளை லொறியில் அனுப்பினார்கள். இறக்குமுன் வாசலிலேயே ஒவ்வொன்றாகத் தண்டைப் பிடித்துத் தூக்கிப் பார்த்ததில் 9 கையோடு வந்தன. நாலை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி ஏற்றியாகிவிட்டது. அந்த ஒன்பதின் காசு, 5,850 ரூபா, இன்னும் வரவில்லை.