வெஸ்பா பிஎக்ஸ் 200 ஸ்கூட்டருக்கு மாட்சுக்கெல்லி கிராங்க்

மலிவு விலைக்கு மயங்கி முன்பு வாங்கிய பெயரற்ற கிராங்கில் (பிஸ்டனின் மேல்-கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு), ஒரே கோடையில் கிராங்க் பின் நழுவி, அது இணைக்கும் இரு வெப்களும் (தண்டின் பக்கத் தட்டுகள்) முறுக்கிக்கொண்டன. அதனால் இம்முறை இத்தாலியின் மாட்சுக்கெல்லி நிறுவனத்தின் 57 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் பயணிக்கும் தூரம்) கொண்ட கிராங்கைத் தேர்ந்தெடுத்தேன். 68.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டருடன் இது 210 சிசி தருகிறது. 60 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் எடுத்தால் 221 சிசி கிடைக்கும் என்றாலும், பிஸ்டன் மேலும் கீழும் 1.5 மில்லிமீட்டர் கூடுதலாகப் பயணிப்பதால் அதற்கேற்ற ஸ்பேசர் (இடைத்தகடு) வைத்து, சிலிண்டரின் வாயுத் துளைகள் திறந்து மூடும் போர்ட் நேரங்களையும் மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும். தினமும் ஓட்டும் வண்டிக்கு அந்தச் சிரமம் அவசியமில்லை என்பது என் கருத்து.

வெஸ்பாவில் கிராங்கின் வெப்பே உள்ளிழுப்பு வால்வாகவும் இயங்குவதால், வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் விளிம்பைத்தான். என் கைக்கு வந்ததில் விளிம்பு பிசிறின்றி, விரல் நகம் தடுக்காத அளவுக்கு வழவழப்பாக இருந்தது. ஆயினும் எந்த நிறுவனத்தின் கிராங்கையும் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பொருத்திவிடக் கூடாது. வி வடிவத் தாங்கியான வி-பிளாக்கில் கிடத்தி, நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்து மெதுவாகச் சுழற்றி, இரு முனைகளின் கோட்டத்தையும் அளந்து, தேவையானால் லேத் பட்டறையில் நேராக்கிய பிறகு, கிராங்க் பின்னின் இரு புறமும் சிறிய வெல்டு வைத்துக்கொள்வது நல்லது. இந்தக் கூலியையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், உடைந்த எஞ்சினை மீண்டும் பிரிக்கும் செலவைவிட இது குறைவே.