அறுவையின் நடுவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: எஸ்மோலாலா, அமியோடரோனா?

மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்கு அறுவையின் நடுவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாளம் தவறித் துடிக்கும் கோளாறு) தொடங்கி, துடிப்பு நிமிடத்துக்கு 150-ஐத் தாண்டினாலும், ரத்த அழுத்தம் தாங்கும் வரை மருந்தைத் தேர்ந்தெடுக்க அவகாசம் உண்டு. அழுத்தம் சரிந்துவிட்டால் யோசிக்க ஒன்றுமில்லை. குறைந்தது 200 ஜூலில், துடிப்போடு ஒத்திசைத்த மின் ஷாக் கொடுத்துவிட வேண்டும். மயக்கத்தின் ஆழம், ஆக்சிஜன், ரத்த இழப்பு, பொட்டாசியம், மெக்னீசியம், சென்ட்ரல் லைன் (பெரிய சிரையில் இடும் குழாய்) போடும்போது இதயத்துக்குள் இடிக்கும் கம்பி ஆகியவற்றை மருந்துக்கு முன் சரிபார்க்க வேண்டும் என்பதும் எல்லோரும் அறிந்ததே. இவ்வளவும் பார்த்த பின்னும் வேகம் தணியாதபோது நான் எடுப்பது, துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்தான எஸ்மோலால்.

காரணம், கொடுத்த மருந்தைத் திரும்பப் பெற முடியுமா என்ற ஒரே கேள்விதான். அறுவை நடக்கும்போது ரத்தக் கசிவு, ரத்தக்குழாயை இறுக்கிய கிளாம்ப்பை விடுவித்தல், மயக்க வாயுவான செவோஃப்ளூரேனின் அளவு என அழுத்தத்தைக் குலைக்கும் காரணங்கள் அடுத்தடுத்து வந்துகொண்டேயிருக்கும். அவற்றோடு நாம் கொடுத்த மருந்தும் உடலில் தங்கி நின்றால், எது எதனால் என்று பிரித்தறிய முடியாது. எஸ்மோலாலின் அரை ஆயுள் ஏறத்தாழ 9 நிமிடம். சிரிஞ்ச் பம்ப்பை நிறுத்தினால் அரை மணி நேரத்துக்குள் அதன் விளைவு பெரும்பாலும் அடங்கிவிடும். அதைச் சிதைப்பது ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள எஸ்டரேஸ் நொதி என்பதால் கல்லீரல் பழுதானவரிடமும் இந்தக் கணக்கு பிசகாது. தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் கொடுத்த பின் மூச்சு திரும்பத் தாமதமாகும் நோயாளியிடமும் அப்படியே. கிலோவுக்கு 500 மைக்ரோகிராம் என்பது நூல் சொல்லும் தொடக்க அளவு, அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 மில்லிகிராம். மயக்க வாயு ஓடிக்கொண்டிருக்கும்போது நான் 10 மில்லிகிராமில் தொடங்கி, மானிட்டரைப் பார்த்துத்தான் அடுத்த 10-ஐக் கொடுப்பேன். பிறகு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 50 மைக்ரோகிராமில் பம்ப்பை ஓட்டுவேன்.

தாளக்கோளாறுக்கான மற்றொரு மருந்தான அமியோடரோன் அவ்வளவு எளிதில் விலகுவதில்லை. ஆம்பூலிலிருந்து உறிஞ்சும்போதே சிரிஞ்சில் நுரைப்பது அதில் கரைப்பானாகச் சேர்த்துள்ள பாலிசார்பேட் 80. அழுத்தத்தை வீழ்த்துவதில் அதற்கும் பங்குண்டு. 150 மில்லிகிராமை டெக்ஸ்ட்ரோஸில் கலந்து 10 நிமிடத்தில் ஏற்றிய பின் அழுத்தம் இறங்கினால், ஏறியதை இறக்க வழியில்லை. திசுக்களில் அது வாரக்கணக்கில் தங்கும். கையின் மெல்லிய சிரையில் நீண்ட நேரம் ஓட்டினால் அந்தச் சிரையும் வீங்கி எரியும். தாளத்தைச் சீராக்கும் என்பது அதன் பெருமை. ஆனால் அதற்குப் பெரும்பாலும் மணிக்கணக்கு ஆகும், அதற்குள் தையல் போட்டு முடிந்திருக்கும். நோயாளிக்கு இந்தத் தாளக்கோளாறு இரண்டு நாளுக்கு மேல் இருந்திருந்து ரத்த உறைவுத் தடுப்பு மருந்தும் எடுக்கவில்லை என்றால், அது திடீரெனச் சீராவதே ஆபத்து, மேலறையில் கட்டியிருக்கும் உறைவு மூளைக்குப் போகலாம்.

துடிப்பை மெதுவாக்கும் இன்னொரு மருந்தான டில்டியாசெம் இரண்டுக்கும் இடைப்பட்டது. வீசிங் உள்ளவரிடம் எஸ்மோலாலைத் தவிர்த்து அதைக் கொடுத்திருக்கிறேன், ஆனால் சில முறைதான் என்பதால் அழுத்திச் சொல்ல மாட்டேன். வாயுவோடு சேர்ந்து அழுத்தத்தை இறக்கும். விலகவும் சில மணி நேரம் பிடிக்கும்.

இதயத்தின் சுருங்கும் திறன் ஏற்கெனவே குன்றியிருப்பவரிடம் மட்டும் என் சாய்வு மாறிவிடும். அங்கே எஸ்மோலாலைத் தொடாமல் அமியோடரோனையே மெதுவாக ஏற்றுவேன். அறுவைக்கு முந்தைய இ.சி.ஜி.யில் டெல்டா அலை (மேலறைக்கும் கீழறைக்கும் இடையே கூடுதல் மின்பாதை இருப்பதன் அடையாளம்) இருந்திருந்தால் இந்த மூன்றுமே கூடாது, ஷாக்தான்.