பிரீமியர் பத்மினி: 15 வருடம், 71,000 கிலோமீட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் நாலைந்து பேர் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு டீக்கடையில் சேருவோம். எல்லாருக்கும் கார் என்றால் உயிர். பணத்தைப் பற்றிக் கவலையே இல்லை என்று வைத்துக்கொள், எந்த வண்டி எடுப்பாய் என்ற பேச்சு மாதத்துக்கு ஒரு தடவையாவது வந்துவிடும். ஒருவர் கான்டெஸா என்பார், அதிலும் இசுசு எஞ்சின் போட்ட 1.8 தான் வேண்டும் என்பார். அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவருக்கு ஜிப்ஸி. மணிமுத்தாறு வழியாக வனத்துறை ஜிப்ஸி மாஞ்சோலைக்கு ஏறிப்போவதைப் பார்த்தே வளர்ந்தவர் அவர். என் தம்பி மகனுக்கு 22 வயது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் திறந்தார்களே வின்ஃபாஸ்ட் ஆலை, அங்கிருந்து வரும் மின்சாரக் கார்தான் அவனுக்குக் கனவு. நம்ம பக்கத்திலேயே கார் செய்கிறார்கள் என்பதில் அவனுக்குப் பெருமை. எனக்கும்தான்.

என் முறை வந்தால் ரோட்டோரம் வேப்பமரத்தடியில் நிற்கும் என் வண்டியைக் காட்டுவேன். 1984 மாடல் பிரீமியர் பத்மினி, வெண்ணெய் நிறம். 2010ல் கல்லிடைக்குறிச்சியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் 48,000 ரூபாய்க்கு வாங்கினேன். என் கையில் இதுவரை 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பழைய பத்மினி வாங்கலாமா, சமாளிக்க முடியுமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

இந்த வண்டிமேல் ஆசை வந்தது எனக்கு எட்டு வயதில். அப்போதும் நாங்கள் சிந்துபூந்துறையில்தான் இருந்தோம். ஒரு ராத்திரி காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டுவிட்டது. அடுத்த தெரு டாக்டர் தன் காரின் முன் சீட்டில் அவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் என்னை உட்கார வைத்து ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டும்போது அவர் கை ஸ்டியரிங்கின் கழுத்திலிருந்த கம்பியை மேலும் கீழும் தள்ளியது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது கியர் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது யாரும் பத்மினி என்று சொல்லிக் கேட்டதில்லை. எங்களுக்கு அது ஃபியட் கார். இத்தாலிக்காரர்களின் ஃபியட் 1100 தான் மூலம். 1964லிருந்து பம்பாய் குர்லாவில் டிலைட் என்ற பெயரில் செய்தார்கள், பத்மினி என்ற பெயர் 1970களில்தான் வந்தது. நம் ஊரில் டாக்டர்களும் வக்கீல்களும் வைத்திருந்த வண்டி என்பதால் எனக்கு அதைப் பார்த்தாலே ஒரு மரியாதை.

ஹேண்ட் கியர் என்பதால் முன்னால் தரையில் கியர் கம்பி இல்லை. சீட்டும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரே நீளம். மூன்று பேர் ஒட்டி உட்காரலாம். என் மகள் பத்து வயது வரைக்கும் அந்த நடு இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஓட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன். 1089 சிசி, சுமார் 40 குதிரைசக்தி. அவ்வளவுதான். தென்காசி நாலுவழிச் சாலையில் 60க்கும் 65க்கும் நடுவில் வைத்தால் எஞ்சின் சொன்னபடி கேட்கும். 80 போகும், ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டால் நமக்கே மனசு வராது. ஆனி, ஆடியில் ஆலங்குளம் தாண்டியதும் சாரல் காற்று முகத்தில் அடிக்கும். முன் கதவில் இருக்கும் முக்கோணக் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் அந்தக் காற்று நேராக நெஞ்சுக்கு வரும். ஏசி போட்ட வண்டியில் நூறு தடவை குற்றாலம் போனவர்கள்கூட என் வண்டியில் வந்தபிறகு அந்தக் கண்ணாடியைத்தான் பேசுகிறார்கள். அதே காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் வேறு மாதிரி. பணகுடியைத் தாண்டிக் காற்றாலைகள் தெரிய ஆரம்பித்ததும் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். லேசான வண்டி, பக்கவாட்டில் தள்ளும்.

பிரேக் நாலு சக்கரத்திலும் டிரம். மிதிப்பதற்குத் துணை செய்யும் சர்வோ கிடையாது, காலின் பலம்தான். இன்றைய கார்கள் நிற்கும் தூரத்தில் இது நிற்காது. முன்னால் போகும் வண்டிக்கு நான் எப்போதும் இரண்டு பங்கு இடைவெளி விடுகிறேன். தண்ணீருக்குள் இறங்கி ஏறினால் கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஓட்டிக் காய வைக்க வேண்டும். வாங்க நினைப்பவர்கள் முதலில் மனசில் பதிய வைக்க வேண்டியது இதைத்தான். மற்றதெல்லாம் அப்புறம்.

சித்திரை வெயிலில் ஒரு தொந்தரவு உண்டு. வாங்கிய அடுத்த வருடம் திருச்செந்தூர் சாலையில் ரயில்வே கேட் போட்டு நின்றோம். எஞ்சினை அணைத்தேன். ரயில் போய்க் கேட் திறந்தது, வண்டி எடுக்கவில்லை. பெட்ரோல் பம்ப் எஞ்சின் உடம்போடு ஒட்டியிருக்கிறது. வண்டி நின்றதும் எஞ்சின் சூடு முழுக்க அதில் ஏறி, குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியைப் பம்பால் இழுக்க முடியாது. பின்னால் வந்த வேன் டிரைவர் இறங்கி வந்து, என் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பம்பின்மேல் சுற்றினார். பத்து நிமிஷம் பொறுத்து, பம்பின் அடியில் இருக்கும் சின்ன நெம்புகோலைக் கையால் நாலு தடவை அடிக்கச் சொன்னார். எடுத்துக்கொண்டது. அதன்பிறகு பெட்ரோல் குழாயை எஞ்சினைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோய், சூடு தாங்கும் உறையும் போட்டேன். இப்போது எப்போதாவதுதான் வருகிறது. துண்டும் தண்ணீர்ப் பாட்டிலும் இன்னும் டிக்கியில் இருக்கின்றன.

2013ல் எஞ்சின் வேலை பார்த்தேன். முதலில் விட்ட பட்டறையில் அவசர அவசரமாக மூடிக் கொடுத்தார்கள். கயத்தாறு போவதற்குள் ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு, போய்விட்டது. அந்தக் கதையை நீட்ட விருப்பமில்லை. அதில் கிடைத்த ஒரே நன்மை, மேலப்பாளையத்து மெக்கானிக் பாய் எனக்கு அறிமுகமானது. அன்றிலிருந்து இந்த வண்டியில் அவர் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை, என் கையைச் சேர்க்காமல். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டெல்கோவின் மூடியைத் திறந்து, உள்ளே மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சிபி பாயிண்டைத் தேய்த்து இடைவெளி வைப்பது, கார்பரேட்டர் கழுவுவது, பிளக் பார்ப்பது எல்லாம் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தவை. ஒரு தடவைகூடச் சலித்துக்கொண்டதில்லை.

மும்பையில் ஓடிய கடைசிப் பத்மினி டாக்சி 2023 அக்டோபர் கடைசியில் ஓய்வு பெற்றது. படத்தைப் பார்த்து அன்று முழுக்க மனசு சரியில்லை. அதிலிருந்து ஏழாவது வாரம் இங்கே வெள்ளம் வந்தது.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து விடாமல் மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை அது. ராத்திரி தாமிரபரணி கரையை விட்டு ஏறியது. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்குவது எங்களுக்குப் புதிதில்லை, ஆனால் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் ஆறு ஓடியதை அப்போதுதான் பார்த்தேன். வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று இறங்குவதற்குள் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். எஞ்சின் மூடியைத் திறந்து பேட்டரியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். காலையில் பார்த்தால் கண்ணாடியின் கீழ் விளிம்பு வரை செம்மண் தண்ணீர். கூரையும் மேல் பாதியும்தான் தெரிந்தன. எட்டு வயதில் என்னைப் பாலம் தாண்டிக் கொண்டுபோன வண்டியின் சாயலே கண்முன் வந்தது. மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

செல்போன் சிக்னல் கிடைத்ததும் பாய்க்குத்தான் முதலில் பேசினேன். "தம்பி, செல்ஃப் அடிச்சிராதீய. பேட்டரியக் கழட்டியாச்சுல்லா? அப்பம் போதும், வண்டி பிழைச்சிக்கிடும். தண்ணி வடியட்டும், நான் வந்துருதேன்" என்றார். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது எஞ்சினைச் சுழற்றினால், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். அன்று எத்தனையோ பேர் பதற்றத்தில் சாவியைத் திருப்பி எஞ்சினையே இழந்தார்கள்.

தண்ணீர் வடிந்ததும் உள்ளே இரண்டு விரல் கனத்துக்கு வண்டல். தம்பி மகன்தான் முழங்கால் போட்டு உட்கார்ந்து, கரண்டியாலும் பிரஷ்ஷாலும் மூன்று நாள் அள்ளினான். சீட்டுகளைக் கழற்றி மொட்டைமாடியில் காயப்போட்டோம். பாய் நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு, டாப் கியரில் போட்டு வண்டியை மெதுவாகத் தள்ளச் சொன்னார். பிளக் துளைகளிலிருந்து பழுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஆயிலை இறக்கினால் பால் டீ மாதிரி வந்தது. புது ஆயில் ஊற்றிப் பத்து நிமிஷம் ஓட்டி இறக்குவது என்று மூன்று தடவை, வண்டி கிளம்பிய பிறகு செய்தோம். கியர் பெட்டி, பின் அச்சில் பல்சக்கரம் இருக்கும் கிரவுன், பெட்ரோல் டேங்க் எல்லாம் இறக்கிக் கழுவினோம். டிரம்களைத் திறந்து வீல் சிலிண்டர் நாலும் மாற்றினோம். டெல்கோ மூடியும் இக்னிஷன் காயிலும் ஒரு வாரம் வெயிலில் கிடந்தன. செல்ஃப் மோட்டாரைப் பிரித்துக் காய வைத்தார் பாய்.

ஜனவரி 12, பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால், சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினேன். நாலாவது தடவை பிடித்துக்கொண்டது. முதலில் வெள்ளைப் புகை, அப்புறம் பழைய சத்தம். பாய் கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு, "சொன்னேம்லா" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மொத்தச் செலவு 41,000. என் இன்சூரன்ஸ் மூன்றாம் நபருக்கு மட்டும்தான், அதனால் முழுக்கக் கைக்காசு. எதிர்வீட்டுக்காரரின் நாலு வருட வண்டியை, கம்ப்யூட்டர் பெட்டிகளும் ஒயரிங்கும் போய்விட்டன என்று டோட்டல் லாஸ் எழுதிவிட்டார்கள். அவர் அழுததை என்னால் மறக்க முடியாது. நல்ல வண்டி அது, ஓட்டுவதற்கு என் வண்டியைவிட எவ்வளவோ மேல். ஆனால் பிரித்து வெயிலில் காய வைத்துத் திரும்பப் பூட்ட முடிந்தது என் வண்டியைத்தான். வண்டியின் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிப் பார்த்துவிட்டதால் அது எனக்கு முழுசாகத் தெரியும். கனவுக் கார் எது என்று கேட்டால் நான் இதைச் சொல்வது அதனால்தான்.

இப்போது புதிதாக வந்திருக்கும் கவலை பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதில் பழைய ரப்பர் ஊறிக் கெடுகிறது. பம்பின் டயஃப்ரம் ஒரே வருடத்தில் இரண்டு தடவை மாற்றினேன். எத்தனால் தாங்கும் ரப்பர் குழாய் போட்டபிறகு கசிவு நின்றது. கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினோம், இல்லாவிட்டால் காற்று அதிகமாகிப் பின்னால் வெடிக்கிறது. ஈரத்தை இழுக்கும் பெட்ரோல் என்பதால் டேங்கைப் பாதிக்குக் கீழே விடுவதில்லை, வாரம் ஒருமுறையாவது ஓட்டிவிடுகிறேன். சாலையில் 13 கொடுத்த வண்டி இப்போது 11.5 கொடுக்கிறது.

காகித விஷயம்: 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. வண்டி சுத்தமாக இருந்தால் காட்டிவிட்டு வந்துவிடலாம்.

வாங்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். கால் மிதியைத் தூக்கித் தரைத்தகட்டைப் பாருங்கள், கதவுக்குக் கீழே இருக்கும் பட்டையை விரலால் தட்டிப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டியென்றால் ஜாக்கி வைத்துத் தூக்கியே பாருங்கள். எஞ்சினைச் சரிசெய்யலாம், உப்புக்காற்று தின்ற தகட்டைச் சரிசெய்யப் பணமும் பொறுமையும் நிறைய வேண்டும்.

தம்பி மகனுக்கு இன்னும் மின்சாரக் கார்தான் கனவு. ஆனால் ஹேண்ட் கியர் அவன் கைக்கு வந்துவிட்டது. போன வாரம் ஆழ்வார்திருநகரி வரை அவனே ஓட்டினான். பின் கதவுக்கு ரப்பர் சொல்லி வைத்திருக்கிறேன், மதுரையிலிருந்து வர வேண்டும். வந்ததும் பாய் போட்டுக் கொடுப்பார். சாரல் முடிவதற்குள் மூன்று பேரும் முன் சீட்டில் உட்கார்ந்து குற்றாலம் போகிறோம். நடு இடம் பாய்க்கு.