மாநாடா, இணையமா, பட்டறையா, படுக்கையோரமா: மருத்துவருக்குக் கைத்திறன் எங்கே வரும்?

வேலையில் இருக்கும் ஒரு மருத்துவருக்கு ஓராண்டில் படிப்புக்கென்று நான்கைந்து நாள் ஒதுங்கினால் பெரிய விஷயம். டியூட்டி, நடுராத்திரி அழைப்பு, வீடு எல்லாம் போக மிஞ்சுவது அவ்வளவுதான். அந்த நாள்களைக் கேட்டு வரும் அழைப்புகளுக்கோ குறைவே இல்லை. மூன்று நாள் மாநாடு, வீட்டிலிருந்தே முடிக்கும் இணைய வகுப்பு, ஒருநாள் செய்முறைப் பட்டறை என்று வரிசையாக வரும். யாரும் அழைக்காமல் நாமே கேட்டுக்கொண்டு போவது ஒன்றும் உண்டு: ஏதாவது ஒரு வார்டில் ஒரு சீனியருடன் நிற்பது. முதல் மூன்றுக்கும் சான்றிதழும் கிரெடிட்டும் (தொடர்கல்விக்கான மதிப்புப் புள்ளி) கிடைக்கும். நான்காவதற்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது.

நான்கிலும் நேரம் செலவிட்டவன் என்ற முறையில் என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போய்விட்டு வந்த பிறகு, திங்கள்கிழமை காலை நோயாளி முன் நிற்கும்போது என் கை வேறுமாதிரி வேலை செய்கிறதா? அவ்வளவுதான் கேள்வி. புதிய மருந்துகளின் பெயர் தெரிந்துகொள்வதற்கு வேறு அளவுகோல் இருக்கலாம். இங்கே பேச்சு மருத்துவக் கைத்திறனைப் பற்றி.

மாநாடு

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1999-இல் டேவ் டேவிஸும் அவருடைய குழுவினரும் மருத்துவர்களுக்கான தொடர்கல்வி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் விரிவுரை மருத்துவரின் நடைமுறையை மாற்றியதற்குச் சான்று கிடைக்கவில்லை. கலந்து பேசியும் செய்து பார்த்தும் நடந்த வகுப்புகள்தான் ஏதோ மாற்றின. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி ஆராயும் காக்ரேன் அமைப்பின் 2009 தொகுப்பாய்வு கல்விக் கூட்டங்கள் அத்தனையையும் சேர்த்து எடைபோட்டது. பரிந்துரைத்தபடி சிகிச்சை செய்வது ஏறத்தாழ 6 சதவீதம் கூடியது என்பதுதான் கணக்கு. பூஜ்யம் இல்லை. மூன்று நாளுக்கு அது போதுமா என்பதை அவரவர் முடிவு செய்யலாம்.

மாநாட்டில் எனக்குக் கிடைத்தது எல்லாம் அரங்குக்கு வெளியே கிடைத்ததுதான். பின்னாளில் சிக்கலான கேஸ் வந்தபோது தயங்காமல் போன் செய்ய முடிந்த நான்கைந்து பேரை இடைவேளைகளில்தான் சம்பாதித்தேன். அரங்குக்கு உள்ளே? நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடித்ததும் பேச்சாளர் கடைசி ஸ்லைடுகளை ஓட்டுவார் பாருங்கள், எனக்கு வேண்டியது எப்போதும் அந்த ஓட்டத்தில்தான் போகும்.

இணைய வகுப்பு

இதை நான் ரொம்ப நாள் மட்டமாக நினைத்திருந்தேன். பாதி நினைப்பு தப்பு.

காதுக்கும் கண்ணுக்கும் இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. 1997-இல் மான்ஜியோனியும் நீமனும் ஒரு சோதனை நடத்தினார்கள். உள்மருத்துவம், குடும்ப மருத்துவம் பயிலும் 453 இளம் மருத்துவர்களுக்குப் பதிவுசெய்த 12 இதய ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 20 சதவீதம். கூடவே சோதித்த மருத்துவ மாணவர்களைவிடப் பெரிதாக மேலும் இல்லை. ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவதால் காது பழகிவிடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? பிறகு 2004-இல் பாரெட் என்பவர் வேறு வழியில் போனார். ஒவ்வொரு முர்முரையும் (இதயத்தில் கேட்கும் இரைச்சல் போன்ற கூடுதல் ஒலி) மாணவர்களை 500 முறை கேட்க வைத்தார். அடையாளம் காணும் திறன் தெளிவாகக் கூடியது. எந்த வார்டிலும் ஒரே முர்முரை 500 முறை கேட்க நோயாளி சம்மதிக்க மாட்டார். ஹெட்போனுக்கு அலுப்பு கிடையாது. இசிஜி, எக்ஸ்ரே, தோல் நோய்ப் படங்கள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். தப்பாகச் சொன்னால் பார்த்துச் சிரிக்கவும் ஆள் இல்லை.

இணையத்தில் இன்னொரு வகையும் உண்டு. வகுப்பு எடுக்காமல் கேஸ் பேசுவது. நியூ மெக்ஸிகோவில் சஞ்சீவ் அரோரா 2003-இல் தொடங்கிய எக்கோ திட்டம் அப்படிப்பட்டது. தொலைவிலுள்ள மருத்துவர்கள் வாராவாரம் வீடியோவில் தங்கள் ஹெபடைடிஸ் சி நோயாளிகளைப் பற்றிச் சொல்வார்கள், நிபுணர் குழு கூட இருந்து வழி சொல்லும். 2011-இல் வெளியான முடிவில் பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானவர்கள் 57.5 சதவீதம், இந்த மருத்துவர்களிடம் 58.2 சதவீதம். சொந்த நோயாளியை வைத்துப் படிப்பது எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு நான் அடிக்கடி எடுத்துச் சொல்லும் கணக்கு இது.

ஆனால் கை? நெஞ்சில் விரலால் தட்டிப் பார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 1761-இல் வியன்னாவில் அவென்ப்ரூகர் என்ற மருத்துவர் எழுதி வைத்த உத்தி. விடுதிக்காரரின் மகன் என்பதால் மதுப் பீப்பாய் எதுவரை நிரம்பியிருக்கிறது என்று தட்டிப் பார்க்கும் பழக்கத்திலிருந்து அது வந்தது என்று சொல்வார்கள். இடக்கை நடுவிரலை மட்டும் விலா இடுக்கில் அழுத்தி வைக்க வேண்டும், மற்ற விரல்கள் தோலைத் தொடக் கூடாது. வலக்கை மணிக்கட்டிலிருந்து ஆட வேண்டும், முழங்கையிலிருந்து அல்ல. தட்டிய விரல் உடனே எழும்ப வேண்டும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கும் இடம் வந்ததும் ஓசை மழுங்குவதற்கு முன்பே அடியில் இருக்கும் விரலில் ஒரு கனம் தெரியும், சுவரைத் தட்டினாற்போல. அந்தக் கனத்தை வீடியோவில் எத்தனை முறை பார்த்தாலும் விரலுக்கு வராது. அப்புறம், வகுப்பு முடிவில் வரும் தேர்வில் மூன்று வாய்ப்பு. மூன்றாவதில் யாரும் தோற்றதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

பட்டறை

இங்கேதான் நல்லதும் கெட்டதும் ஒரே பெயரில் உலாவுகின்றன. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அல்ட்ராசவுண்ட் பார்த்து ரத்தக்குழாயில் ஊசி செலுத்தும் பட்டறை ஒன்றில் இருந்தேன். என் ஊசி திரையில் தெரிந்தது. தைரியமாக உள்ளே தள்ளினேன். பயிற்சியாளர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, "நீங்க பாக்குறது முனையா, தண்டா?" என்றார். தண்டுதான். முனை குழாயின் பின்சுவரைத் தாண்டிப் போயிருந்தது. திரையில் இரண்டும் ஒரே வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும். அப்புறம் என் இடக்கையைக் காட்டினார். தோல்மேல் வைக்கும் அல்ட்ராசவுண்ட் புரோபை அந்தரத்தில் பிடித்திருந்தேன்; ஊசியைத் தள்ளத் தள்ள அது எனக்கே தெரியாமல் நகர்ந்துகொண்டிருந்தது. சுண்டுவிரல் பக்கத்தை நோயாளியின் தோலில் ஊன்றிக்கொள்ளச் சொன்னார். அவ்வளவுதான், புரோப் நின்றுவிட்டது. இந்த இரண்டு திருத்தமும் சேர்ந்து இரண்டு நிமிடம் இருக்கும். அன்றைய எட்டு மணி நேரத்தில் என் கைக்கு வந்து சேர்ந்தது அந்த இரண்டு நிமிடம்தான். என் பக்கத்து மேசையில் ஒரு மேனிகினுக்கு, அதாவது பயிற்சிப் பொம்மைக்கு, பதினான்கு பேர். அவர்களுக்கும் அதே சான்றிதழ்தான்.

ஆள் எண்ணிக்கை ஒரு குறை என்றால், "ஒருநாள்" என்பது அதைவிடப் பெரிய குறை. டொராண்டோவில் மோல்ட்டனும் சக ஆய்வாளர்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 38 இளம் அறுவை மருத்துவர்கள் நுண்ணிய ரத்தக்குழாய்களை இணைத்துத் தைக்கக் கற்றார்கள். பாதிப் பேருக்கு நான்கு பாடமும் ஒரே நாளில். மீதிப் பேருக்கு வாரம் ஒன்றாக நான்கு வாரம். முடித்த கையோடு பார்த்தால் இரு தரப்புமே தேறியிருந்தது. ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோது வாராவாரம் கற்றவர்கள் பெரும்பாலான அளவீடுகளில் முந்தியிருந்தார்கள். அதே பாடம், அதே மணி நேரம். இடைவெளி மட்டுமே வேறு. பட்டறை முடிந்த மாலை கிடைக்கும் அந்த உற்சாகத்தை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் பயிற்சியிலும் கைத்திறன் சில மாதங்களிலேயே தேயத் தொடங்கிவிடுகிறது என்று திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். சான்றிதழோ வழக்கமாக இரண்டு ஆண்டுக்குச் செல்லும்.

சரி, ஒழுங்காக நடந்தால் என்ன ஆகும்? சிகாகோவில் ஒரு பயிற்சி மருத்துவமனையில் கழுத்து, நெஞ்சுச் சிரைகளில் குழாய் போட வரும் இளம் மருத்துவர்கள் முதலில் மேனிகினில் பழகினார்கள். நிர்ணயித்த மதிப்பெண்ணைத் தொடும்வரை நோயாளியைத் தொட முடியாது. எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்யலாம். பார்சுக் குழுவினர் 2009-இல் வெளியிட்ட கணக்குப்படி, அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்வழி ரத்தத் தொற்று 1,000 குழாய்-நாள்களுக்கு (ஒரு நோயாளிக்குக் குழாய் இருக்கும் ஒரு நாள் ஒரு குழாய்-நாள்) 3.2 என்பதிலிருந்து 0.5 ஆக இறங்கியது. மாநாட்டின் 6 சதவீதத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலே வருகிறது. இங்கே நேரத்தைக் கணக்கிடவில்லை. கை தேறியதா என்று பார்த்தார்கள்.

படுக்கையோரம்

மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பதில் நான் பல ஆண்டுகள் தப்பு செய்துகொண்டிருந்தேன். மூச்சை இழுக்கச் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் விரலை உள்ளே குத்தித் தேடுவேன். வயிற்றுத் தசை இறுகும், ஒன்றும் கிடைக்காது, "தட்டுப்படவில்லை" என்று எழுதுவேன். ஒரு சீனியர் ரவுண்ட்ஸில் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் கைமேல் தன் கையை வைத்து அழுத்தாமல் அமர்த்தினார். "நீ தேடாத. அது வரும்" என்றார். வலது அடிவயிற்றிலிருந்து தொடங்கி, மூச்சு வெளியே போகும்போது மட்டும் விரல் இடம் மாறுகிறது. உள்ளே போகும்போது சும்மா காத்திருக்கிறது. மூன்றாவது மூச்சில் மண்ணீரலின் விளிம்பு தானாக வந்து சுட்டுவிரல் பக்கத்தில் இடித்தது. இதற்கு எந்தக் கிரெடிட்டும் கிடைக்கவில்லை.

இதற்காகப் படுக்கையோரத்தைக் கோயிலாக்கவும் எனக்கு விருப்பமில்லை. அன்றைக்கு எந்த நோயாளி இருக்கிறாரோ அதுதான் பாடம். சீனியருக்கு அவசரம் என்றால் அதுவும் இல்லை. அவருடைய பிழைகளும் சேர்ந்தே நமக்கு இறங்கும். என் இறுக்கமான தையல் முடிச்சு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைச் சொல்லிக்கொடு என்று பழைய அறுவைப் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. அதில் நடுவில் இருக்கும் "ஒன்று" ஒரு மனிதர்.

அனுபவம் தானே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்பதும் இல்லை. மிச்சிகனில் 20 அறுவை மருத்துவர்கள் இரைப்பை பைபாஸ் (உடல் எடையைக் குறைக்கும் அறுவை) செய்யும் வீடியோக்களைச் சக மருத்துவர்கள் பெயர் தெரியாமல் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். 2013-இல் பிர்க்மேயர் குழுவினர் வெளியிட்டது. கைத்திறனில் கடைசிக் கால்பங்கில் வந்தவர்களின் நோயாளிகளுக்குச் சிக்கல் 14.5 சதவீதம், முதல் கால்பங்கில் 5.2. அத்தனை பேரும் பயிற்சியை முடித்து, சொந்தப் பொறுப்பில் கத்தி பிடித்தவர்கள்.

என் கணக்கு

படம், ஒலி, இசிஜி என்றால் இணையம், தினமும் பத்து நிமிடம், யோசிக்கவே வேண்டாம். ஊசி, குழாய், தையல் என்றால் பட்டறை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஒரு மேனிகினுக்கு எத்தனை பேர், ஒரு மாதம் கழித்துத் திரும்ப வரச் சொல்வார்களா, தேறாதவருக்குச் சான்றிதழ் மறுப்பார்களா என்று மூன்றையும் கேட்டுவிடுவேன். மூன்றாவதைக் கேட்டதும் பல ஏற்பாட்டாளர்கள் சிரித்துவிடுகிறார்கள். தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வேலை என்றால் படுக்கையோரம்தான். அதுவும் ஒரே சீனியரிடம் இல்லாமல் இரண்டு மூன்று பேரிடம்.

இந்த ஆண்டு இரண்டு மாநாடுகளை விட்டுவிட்டேன். அந்த நாள்களைப் பிய்த்து, பக்கத்துத் துறை சகா ஒருவருடன் மாதம் ஒரு மதியம் என்று வைத்திருக்கிறோம். அவர் என் கையைப் பார்ப்பார், நான் அவர் கையைப் பார்ப்பேன். போன மாதம் நான் நெஞ்சைத் தட்டிக் காட்டினேன். அவர் சொன்ன முதல் திருத்தம்: "முதல்ல அந்த நடுவிரல் நகத்தை வெட்டு."